கரிஞ்சா

கரிஞ்சா எனப் பரவலாக அறியப்படும் மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சான்டோஸ் (அக்டோபர் 28, 1933 – சனவரி 20, 1983) பிரேசில் நாட்டைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரர் ஆவார். வலக்கோடி முன்கள வீரராக ஆடிய இவர், 1958, 1962 ஆகிய ஆண்டுகளில் உலகக்கோப்பையை வென்ற பிரேசில் அணிகளில் இடம்பெற்றிருந்தார். 1962 உலகக்கோப்பையின் சிறந்த வீரராகக் கருதப்படுபவரும் இவரே. தம் விளையாட்டு வாழ்வின் பெரும்பகுதியை ரியோ டி ஜனேரோவின் பொட்டாஃபோகோ கழகத்தில் கழித்தார். பிரேசிலியர்கள் இவரை 'மக்களின் மகிழ்ச்சி' என்றும் 'வளைந்த கால்களையுடைய வானவர்' என்றும் அழைத்தனர். பந்துடன் எதிராளியைக் கடந்து செல்லும் கலையில் இவருக்கு இணையானவர் இல்லை என்பது பல காற்பந்து வரலாற்றாசிரியர்களின் கருத்தாகும். இவரும் பெலேயும் சேர்ந்து ஆடிய 40 ஆட்டங்களில் பிரேசில் 36 ஆட்டங்களை வென்றது, 4 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன, ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

பெயரும் இளமையும்

கரிஞ்சா என்பது பழுப்பு நிறமுடைய ஒரு சிறிய பறவையின் பெயர். உருவில் சிறியவராக இருந்த தம்பிக்கு இவருடைய அக்கா இப்பெயரைச் சூட்டியதாகக் கூறப்படுகிறது. போர்த்துக்கேய ஒலிப்பில் இப்பெயர் ஏறத்தாழ 'கஹீன்ஷா' என அமையும். எனினும் தமிழில் எழுத்துவழிப் பெயர்ப்பான 'கரிஞ்சா' என்பதே வழக்கில் இருப்பதால் இக்கட்டுரையிலும் அதுவே கையாளப்படுகிறது. மனுவேல் என்பதன் சுருக்கமான 'மனே' என்பதைச் சேர்த்து 'மனே கரிஞ்சா' என்றும் இவரை அழைப்பர்.

ரியோ டி ஜனேரோ மாநிலத்தில் மாஜே நகராட்சிக்கு உட்பட்ட பாவ் கிராண்டி என்னும் ஊரில் இவர் பிறந்தார். அவ்வூர் முழுவதும் அமெரிக்கா ஃபப்ரில் என்னும் நெசவாலையைச் சார்ந்தே இயங்கியது. வீடுகளும் ஆலைக்கே சொந்தம். காற்பந்துத் திடலும் ஆலையுடையதே. கரிஞ்சாவும் 14ஆவது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஒருமுறை பணிநீக்கம் செய்யப்பட்டு, ஆலையின் காற்பந்து அணிக்கு அவர் தேவைப்பட்டதால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆக, ஊதியம் நெசவுக்கு, வேலை காற்பந்துக்கு என்னும் நிலை இளமையிலேயே தொடங்கிவிட்டது எனலாம். கஷாசா எனப்படும் கரும்புச் சாராயத்தை அளவின்றிக் குடிக்கும் பழக்கம் இவருடைய தந்தைக்கு இருந்தது. அப்பழக்கம் மகனையும் இளம் வயதிலேயே பற்றிக்கொண்டது.

இவருடைய கால்கள் பிறவியிலேயே வளைந்தவை. வலக்கால் உட்புறமாகவும் இடக்கால் வெளிப்புறமாகவும் வளைந்திருந்தன. அதாவது, இரு கால்களும் ஒரே திசையில், இடப்பக்கமாக வளைந்திருந்தன. இரண்டின் நீளமும் சமமாக இல்லை. நேராக நிற்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து விழப்போகிறவர் போலத் தோன்றினார்.

பொட்டாஃபோகோவில் சேர்தல்

ரியோவின் பெரிய கழகங்கள் சிலவற்றுக்குத் தேர்வுக்காகச் சென்ற கரிஞ்சா, ஏதேனும் ஒரு காரணத்தால் திரும்பிவந்தார். வாஸ்கோ ட காமா கழகத்துக்குக் காலணி இல்லாமல் சென்றார் என்றும், ஃபுளுமினென்சி கழகத்தில் கடைசித் தொடர்வண்டியைப் பிடிப்பதற்காகத் தேர்வு முடியும் முன்பே கிளம்பிவிட்டார் என்றும் கூறுவர். அவருக்குப் பெரிய கழகம் ஒன்றில் ஆடவேண்டும் என்ற அவா அவ்வளவாக இருந்ததாகத் தெரியவில்லை. பாவ் கிராண்டியில் அவருடைய ஆட்டத்தைக் கண்ட முன்னாள் பொட்டாஃபோகோ வீரர் அராத்தி என்பவரின் வற்புறுத்தலே இறுதியில் பலித்தது.

1953ஆம் ஆண்டில் பொட்டாஃபோகோவின் தேர்வு ஆட்டத்தில் இவரை எதிர்த்து நின்றவர் நில்ட்டன் சான்டோஸ். அவர் அப்போதே பிரேசில் தேசிய அணியின் இடப்புறப் பின்கள வீரர். அவரையே கரிஞ்சா மீண்டும் மீண்டும் கடந்து சென்றார். அவருடைய கால்களுக்கு இடையே பந்தை உருட்டினார் என்பது பலரும் சொல்லும் செய்தி. ஆட்டம் முடிந்ததும், இவரை எதிரணியில் பார்க்க விரும்பவில்லை, உடனே ஒப்பந்தம் செய்யுங்கள் என்னும் பொருளில் நில்ட்டன் சான்டோஸ் கழகத்தாரிடம் கூறினாராம். கதையின் சிறு விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும், நில்ட்டன் சான்டோசின் பரிந்துரை உண்மையே. இருவரும் வாழ்நாள் நண்பர்களாயினர். அதே ஆண்டு பொன்சுசெசோ அணிக்கு எதிரான தமது முதல் அலுவல்முறை ஆட்டத்தில் கரிஞ்சா மூன்று கோல்கள் அடித்தார்.

ஆட்டமுறை

கரிஞ்சாவின் புகழ் பெரும்பாலும் ஒரே ஓர் உத்தியின்மீது கட்டப்பட்டதாகும். வலப்பக்க எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைப் பெற்று, எதிரணியின் இடப்புறப் பின்கள வீரருக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்பார். பின்பு உடலை இடப்பக்கமாக, அதாவது திடலின் நடுப்பகுதியை நோக்கி, வெட்டி அசைப்பார். பந்து நின்ற இடத்திலேயே இருக்கும். பின்கள வீரர் அந்த அசைவைப் பின்பற்றி ஒரு கால் எடுத்து வைத்ததும், கரிஞ்சா வலப்பக்கம் எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு பாய்வார். ஏறத்தாழ எப்போதும் இதே உத்தி, இதே பக்கம். எதிராளிக்கும் அது தெரியும், பார்வையாளருக்கும் தெரியும், பயிற்றுநர்கள் முந்தைய நாளே கரும்பலகையில் வரைந்தும் காட்டியிருப்பார்கள். ஆயினும் தடுக்க இயலவில்லை.

இதற்குக் காரணம் தந்திரத்தில் இல்லை, நேரக் கணக்கில் இருந்தது. அவர் எந்தப் பக்கம் செல்வார் என்பது பின்கள வீரருக்குத் தெரியும். எந்த நொடியில் செல்வார் என்பது தெரியாது. ஓடிக்கொண்டிருப்பவனைத் துரத்துவது எளிது. நின்றுகொண்டிருப்பவன் எப்போது புறப்படுவான் என்று காத்திருப்பவனின் உடல் எடை ஏதாவது ஒரு காலில் நின்றாக வேண்டும். கரிஞ்சா அந்த எடை தவறான காலுக்கு மாறும்வரை அசைவுகளைத் தொடர்ந்தார். மாறிய கணத்தில் புறப்பட்டார். முதல் மூன்று நான்கு எட்டுகளில் அவருக்கு இருந்த வேகம் அக்காலத்தில் வேறெவரிடமும் காணக் கிடைக்காதது. வளைந்த கால்களும் துணைபுரிந்தன. ஒருவரின் இடுப்பையும் முழங்காலையும் பார்த்தே அவர் செல்லும் திசையைப் பின்கள வீரர்கள் கணிப்பது வழக்கம். நிற்கும்போதே இடப்பக்கம் சாய்ந்து தோன்றும் ஒருவரிடம் அக்கணிப்பு பொய்த்தது.

கடந்து சென்றபின் செய்வதும் பெரும்பாலும் ஒன்றே. கோல்கோடு வரை ஓடிப் பந்தைப் பின்னோக்கி, கோல் முகப்புக்கு முன்னால் வெட்டித் தருவார். இது காற்பந்தில் தடுப்பதற்கு மிகக் கடினமான கடத்தல்களுள் ஒன்று. பின்கள வீரர்கள் தம் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். பந்து அவர்களுக்குப் பின்புறம் செல்லும். முன்கள வீரர்களோ எதிரே ஓடிவந்து, கோலை நேராகப் பார்த்தபடி உதைக்கலாம். பந்து பின்னோக்கி வருவதால் 'ஆஃப்சைடு' விதியும் குறுக்கிடாது. வாவா போன்ற நடு முன்கள வீரர்கள் அடித்த கோல்கள் பல இவ்வகையில் வந்தவை. எனவே கோல்களின் எண்ணிக்கையைக் கொண்டு கரிஞ்சாவை அளப்பது பொருத்தமற்றது. தேசிய அணிக்காக 50 அலுவல்முறை ஆட்டங்களில் 12 கோல்கள் மட்டுமே அடித்துள்ளார்.

1958 உலகக்கோப்பை

1955ஆம் ஆண்டில் சிலி நாட்டுக்கு எதிராகத் தேசிய அணியில் முதன்முதலாக ஆடிய கரிஞ்சா, 1958இல் சுவீடன் செல்லும் அணியில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு பயிற்றுநராக இருந்த விசென்டே ஃபெயோலா நான்கு பின்கள வீரர்கள், இரு நடுக்கள வீரர்கள், நான்கு முன்கள வீரர்கள் என்னும் அமைப்பைக் கையாண்டார். இரு கோடிகளிலும் ஒவ்வொரு வீரர் நிலையாக நிற்பதால் கரிஞ்சாவைப் போன்ற ஒருவருக்கு அவ்வமைப்பு ஏற்றது. ஆனாலும் முதல் இரு ஆட்டங்களில் அவருக்கு இடமில்லை. ஃபிளமெங்கோ கழகத்தின் ஜோயெல் ஆடினார். தொடருக்குச் சற்று முன் இத்தாலியில் ஃபியொரென்டினா அணியுடன் நடந்த நட்புமுறை ஆட்டத்தில், பின்கள வீரர்களையும் கோல்காப்பாளரையும் கடந்து வெற்றுக் கோலின் முன் நின்ற கரிஞ்சா, ஒரு பின்கள வீரர் திரும்பி வரும்வரை காத்திருந்து, அவரையும் ஏமாற்றிவிட்டே பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். இது பொறுப்பின்மை எனப் பயிற்றுநர் குழு கருதியதாகப் பரவலாக எழுதப்பட்டுள்ளது. அணியின் உளவியலாளர் ஜுவாவ் கர்வல்யாயிஸ் நடத்திய தேர்விலும் கரிஞ்சா மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெற்றார். பதினேழு வயதான பெலேயும் அத்தேர்வில் தேறவில்லை என்பதை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும்.

இங்கிலாந்துடனான இரண்டாவது ஆட்டம் கோலின்றி முடிந்ததால், சூன் 15 அன்று கோத்தன்பர்க் நகரில் சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான ஆட்டம் முக்கியத்துவம் பெற்றது. பெலே, கரிஞ்சா இருவரும் அன்றுதான் உலகக்கோப்பையில் முதன்முதலாகக் களமிறங்கினர். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா பின்கள வீரர் குஸ்னெத்சோவைக் கடந்து உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. சில நொடிகளில் பெலேயின் உதையும் கோல் சட்டத்தில் பட்டது. மூன்றாவது நிமிடத்தில் டிடி தந்த பந்தை வாவா கோலாக்கினார். காற்பந்து வரலாற்றின் மிகச்சிறந்த மூன்று நிமிடங்கள் என பிரெஞ்சு இதழாளர் கபிரியேல் அனோ இதனை வருணித்தார். பிரேசில் 2–0 என வென்றது.

சூன் 29 அன்று சோல்னாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் நான்காவது நிமிடத்திலேயே லீட்ஹோல்ம் சுவீடனை முன்னிலைப்படுத்தினார். அதன்பின் 9ஆவது, 32ஆவது நிமிடங்களில் நிகழ்ந்தவை ஒன்றன் படி மற்றொன்று போல இருந்தன: கரிஞ்சா வலப்பக்கம் பின்கள வீரரைக் கடந்தார், பந்தைக் கோல் முகப்புக்கு வெட்டித் தந்தார், ஓடிவந்த வாவா கோலடித்தார். 5–2 என்ற கணக்கில் பிரேசில் முதன்முறையாக உலகக்கோப்பையை வென்றது. ஆட்டங்களின் ஒளிப்படச் சுருள்கள் கிடைப்பதால், மேலே 'ஆட்டமுறை' பகுதியில் கூறப்பட்டதை இவ்விரு கோல்களிலும் நேரில் காணலாம்.

கழக வாழ்வும் கதைகளும்

பொட்டாஃபோகோ 1957, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் ரியோ மாநில வாகையர் பட்டத்தை வென்றது. 1957 இறுதி ஆட்டத்தில் ஃபுளுமினென்சி அணியை 6–2 என வீழ்த்தியபோது பவுலோ வலன்டிம் ஐந்து கோல்களும் கரிஞ்சா ஒரு கோலும் அடித்தனர். நில்ட்டன் சான்டோஸ், டிடி, சகாலோ, அமரில்டோ ஆகியோரும் உடனிருந்த அக்காலப் பொட்டாஃபோகோ, பெலேயின் சான்டோஸ் கழகத்துக்கு ஈடாக நின்ற ஒரே பிரேசில் அணி எனலாம். 1962 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் களமிறங்கிய பிரேசில் வீரர் பதினொருவரில் ஐவர் இக்கழகத்தினர்.

மெக்சிகோ நகரில் அர்ச்சென்டினாவின் ரிவர் பிளேட் கழகத்துடன் நடந்த ஆட்டத்தில், கரிஞ்சா பின்கள வீரர் வைரோவைக் கடந்த ஒவ்வொரு முறையும் பார்வையாளர்கள் காளைப்போர்த் திடலில் கூவுவதுபோல 'ஓலே' எனக் கூவினர். காற்பந்தில் அக்கூவல் அன்றுதான் பிறந்தது என அப்போதைய பயிற்றுநர் ஜுவாவ் சல்டானியா எழுதியுள்ளார். 1960இல் ஃபுளுமினென்சிக்கு எதிரான ஆட்டம் ஒன்றில், எதிரணி வீரர் பின்ஹேரோ காயமுற்று வீழ்ந்ததைக் கண்ட கரிஞ்சா, கோலடிக்கும் வாய்ப்பு இருந்தும் பந்தை வெளியே உதைத்தார். ஃபுளுமினென்சி வீரர் பந்தை மீண்டும் பொட்டாஃபோகோவிடமே எறிந்தார். இன்று எங்கும் காணப்படும் அவ்வழக்கத்துக்கு இதனையே முன்னோடியாகச் சிலர் காட்டுவர்.

கரிஞ்சாவைப் பற்றிய கதைகளைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. தம்மைத் தடுக்கவரும் ஒவ்வொருவரையும் அவர் 'ஜுவாவ்' என்றே அழைத்தார், எதிரணி எது என்றுகூட அவருக்குத் தெரியாது, ஃபெயோலா உத்திகளை விளக்கியபோது 'இதை எதிரணியினரிடம் சொல்லிவிட்டீர்களா' என்று கேட்டார் என்பன போன்றவை எண்ணற்ற நூல்களில் உள்ளன. இவற்றுட் பலவற்றை அவருடைய நண்பரான இதழாளர் சாந்திரோ மொரேய்ரா புனைந்து எழுதினார் என்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர் ருய் காஸ்திரோ எடுத்துக்காட்டியுள்ளார். கதைகள் சுவையானவை, தீங்கற்றவை என்று சொல்ல இயலாது. ஒன்றுமறியாக் குழந்தை, பணத்தில் நாட்டமில்லாதவர் என்ற உருவத்தை அவை நிலைநாட்டின. அவருடைய ஊதியத்தைத் தீர்மானித்தவர்களுக்கு அவ்வுருவம் வசதியாக இருந்தது.

1962 உலகக்கோப்பை

சிலியில் நடந்த இத்தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், செக்கோசுலோவாக்கியாவுக்கு எதிராக, பெலே தொடைத்தசைக் காயமுற்றார். அதன்பின் அவர் ஆடவில்லை. இடத்தை அமரில்டோ நிரப்பினார். பொறுப்பைக் கரிஞ்சா ஏற்றார் என்பதே பொருத்தமான கூற்று. எசுப்பானியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அமரில்டோ அடித்த வெற்றிக் கோல் கரிஞ்சா தந்த பந்தில் பிறந்தது.

சூன் 10 அன்று வீனா டெல் மார் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில் அவருடைய ஆட்டம் அதுவரை கண்டிராத வகையில் அமைந்தது. 1.69 மீட்டர் உயரமே உடைய அவர், மூலை உதையிலிருந்து வந்த பந்தை உயரமான பின்கள வீரர்களுக்கிடையே எழும்பித் தலையால் முட்டிக் கோலாக்கினார். அவருடைய தனி உதையைக் கோல்காப்பாளர் ஸ்பிரிங்கெட் பிடிக்க இயலாமல் விட, வாவா அதனைக் கோலாக்கினார். பின்பு தொலைவிலிருந்து வளைத்து உதைத்து இன்னொரு கோலும் அடித்தார். பிரேசில் 3–1 என வென்றது. அன்று திடலுக்குள் புகுந்த நாய் ஒன்று கரிஞ்சாவிடம் அகப்படாமல் ஓடி, இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் கையில் சிக்கியது. பின்னர் குலுக்கலில் அந்நாய் கரிஞ்சாவுக்கே கிடைக்க, அவர் அதைப் பிரேசிலுக்குக் கொண்டுசென்றார்.

சான்டியாகோவில் சிலிக்கு எதிரான அரையிறுதியில் (4–2) இடக்காலால் ஒன்று, தலையால் ஒன்று என இரு கோல்கள் அடித்தார். ஒரே ஓர் உத்தி மட்டும் அறிந்தவர் என்ற கூற்றுக்கு இந்த நான்கு கோல்களே மறுப்பு. அதே ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில், பலமுறை உதைபட்ட அவர், எலாடியோ ரோகாசை உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். வெளியே செல்லும்போது கூட்டத்திலிருந்து எறியப்பட்ட பொருள் பட்டுத் தலையில் காயமும் ஏற்பட்டது.

வெளியேற்றப்பட்டவர் இறுதி ஆட்டத்தில் ஆடியது எப்படி என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுவதாகும். அக்காலத்தில் தானாகவே தடை விழும் விதி இல்லை. ஒழுங்குக் குழு ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவெடுத்தது. நிகழ்வைக் கண்ட உருகுவே நாட்டுக் கோட்டு நடுவர் எஸ்தபான் மரீனோ குழுவின் முன் தோன்றவில்லை. அதற்குள் சான்டியாகோவை விட்டுச் சென்றுவிட்டார். பிரேசில் பிரதமர் தன்கிரேடோ நெவிஸ் உள்ளிட்டோர் கரிஞ்சாவுக்காகக் கோரிக்கை விடுத்தனர். குழு அவரை ஆட அனுமதித்தது. விதி மீறப்படவில்லை என்றாலும், வேறொரு நாட்டின் வேறொரு வீரருக்கு இச்சலுகை கிடைத்திருக்குமா என்பது ஐயமே. சூன் 17 அன்று காய்ச்சலுடன் ஆடிய கரிஞ்சா கோலெதுவும் அடிக்கவில்லை. எனினும் எதிரணியினர் இருவர் மூவர் அவரைச் சூழ்ந்தே நின்றதால் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. செக்கோசுலோவாக்கியாவை 3–1 என வென்று பிரேசில் கோப்பையைத் தக்கவைத்தது. நான்கு கோல்களுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட அறுவருள் கரிஞ்சாவும் ஒருவர்.

அவ்வாண்டு திசம்பரில் ரியோ மாநில இறுதி ஆட்டத்தில் ஃபிளமெங்கோவைப் பொட்டாஃபோகோ 3–0 என வென்றது. இரு கோல்கள் கரிஞ்சாவுடையவை. அப்போது அவருக்கு வயது 29. அவருடைய கடைசிப் பெரிய ஆட்டம் அதுவே என ருய் காஸ்திரோ முதலியோர் கருதுகின்றனர்.

முழங்காலும் ஒப்பந்தமும்

நின்ற நிலையிலிருந்து திடீரெனப் பாய்வதும், பாய்ந்த வேகத்தில் திடீரென நிற்பதும் முழங்காலுக்குப் பெருஞ்சுமை தருவன. வளைந்த கால்களில் அச்சுமை மூட்டு முழுவதும் சீராகப் பரவாமல் ஒரு பக்கத்தில் குவியும். மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்தால் மீண்டும் வளர்வது அரிது. கரிஞ்சாவின் வலது முழங்கால் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் வீங்கியது. ஓய்வே அதற்கு உரிய மருந்து. ஆனால் பொட்டாஃபோகோ ஐரோப்பாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பொருளீட்டி வந்தது. கரிஞ்சா ஆடினால் ஒரு தொகை, ஆடாவிட்டால் குறைந்த தொகை என்பதே அழைப்பாளர்களின் நிபந்தனை. மூட்டில் தேங்கிய நீரை ஊசியால் உறிஞ்சிவிட்டு, மருந்து செலுத்தி அவர் மீண்டும் மீண்டும் களமிறக்கப்பட்டார்.

இதற்கு அவர் இணங்கியது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அன்றைய பிரேசில் ஒப்பந்த முறையை அறிதல் வேண்டும். வீரரின் பதிவுரிமை 'பாஸ்' எனப்பட்டது. அது கழகத்தின் சொத்து. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும், கழகம் விற்றாலன்றி வீரர் வேறு கழகத்துக்குச் செல்ல இயலாது. ஆக, ஊதியப் பேச்சில் வீரரின் கையில் எந்தத் துருப்பும் இல்லை. இரு உலகக்கோப்பைகளை வென்றவருக்கும் இதே நிலைதான். கரிஞ்சா தொகை எழுதப்படாத ஒப்பந்தத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்ததாகவும், கழகத்தார் பின்னர் அதை நிரப்பிக்கொண்டதாகவும் கூறப்படுவது அவருடைய வெகுளித்தனத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அம்முறையில் தாளைப் படித்துப் பார்த்திருந்தாலும் பெரிய வேறுபாடு நேர்ந்திராது. 1963இல் கூடுதல் ஊதியம் கேட்டுக் கழகத்துடன் முரண்பட்டபோது, இதழ்களில் ஒரு பகுதி அவரையே நன்றி கெட்டவர் எனத் தூற்றியது. 1962 வெற்றிக்குப் பின் மாநில ஆளுநர் கார்லோஸ் லசெர்டா அவருக்கு ஒரு மைனாவைப் பரிசளித்தார் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

பாஸ் முறை 1998இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்து அதனை முன்னெடுத்த பெலேயின் பெயராலேயே அது 'பெலே சட்டம்' என வழங்குகிறது.

1964இல் கரிஞ்சாவின் முழங்காலில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. முதல் எட்டுகளின் வேகம் அதன்பின் திரும்பவில்லை. 1966இல் பொட்டாஃபோகோ அவரைச் சாவோ பாவுலோவின் கொரிந்தியன்ஸ் கழகத்துக்கு விற்றது. அவ்வாண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக்கோப்பைக்கான அணியிலும், உடல்தகுதி குறித்த ஐயங்களுக்கிடையே, சேர்க்கப்பட்டார். பல்கேரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் (2–0) பெலே ஒன்று, கரிஞ்சா ஒன்று எனத் தனி உதைகளில் கோலடித்தனர். இருவரும் சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டம் அது. மூன்று நாட்களுக்குப் பின் பெலே இல்லாத பிரேசிலை அங்கேரி 3–1 என வென்றது. தேசிய அணிச் சீருடையில் கரிஞ்சா கண்ட ஒரே தோல்வி அது. அதுவே கடைசி ஆட்டமும் ஆகும். பின்னர் ஃபிளமெங்கோ உள்ளிட்ட சில கழகங்களில் ஆங்காங்கே ஆடினார். 1972இல் ரியோவின் சிறிய கழகமான ஒலாரியாவுடன் தொழில்முறை ஆட்டம் முடிவுக்கு வந்தது.

எல்சா சோவாரிஸ்

கரிஞ்சா தம் ஊரைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளியான நாயிர் என்பவரை 1952இல் மணந்தார். அவர்களுக்கு எட்டுப் பெண் மக்கள் பிறந்தனர். பிற உறவுகளின் வழியாகவும் அவருக்குக் குழந்தைகள் உண்டு.

1962ஆம் ஆண்டு முதல் சாம்பா பாடகி எல்சா சோவாரிசுடன் இவருக்கு ஏற்பட்ட உறவு வெளிப்பட்டபோது பிரேசிலில் பெருங்கூச்சல் எழுந்தது. குடும்பத்தைக் கைவிட்டவர் கரிஞ்சா; பழி பெரும்பாலும் எல்சாவின் தலையில் விழுந்தது. குடிசைப்பகுதியில் பிறந்து, தம் குரலால் முன்னுக்கு வந்த கறுப்பினப் பெண்ணான அவர், ஒரு நாயகனைக் கெடுத்தவராகச் சித்திரிக்கப்பட்டார். உண்மையில் கரிஞ்சாவின் வருமானம் நின்ற ஆண்டுகளில் குடும்பம் நடந்தது எல்சாவின் பாட்டினால்தான். அவருடைய குடியை நிறுத்தப் பலவாறு முயன்றவரும் எல்சாவே.

1969இல் கரிஞ்சா ஓட்டிச்சென்ற தானுந்து சுமையுந்து ஒன்றில் மோதியதில் எல்சாவின் தாய் உயிரிழந்தார். இதனால் கரிஞ்சா ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானார். அதன்பின் இருவரும் சிலகாலம் இத்தாலியில் வாழ்ந்தனர். 1976இல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். குடித்த நிலையில் கரிஞ்சா எல்சாவைத் தாக்கியதும் நிகழ்ந்தது. 1977இல் எல்சா அவரை விட்டு நீங்கினார். மகன் 1986இல் சாலை விபத்தில் இறந்தான். எல்சா முதுமையிலும் பாடி, புதிய தலைமுறையினரிடையே பெரும்புகழ் பெற்று, 2022 சனவரி 20 அன்று காலமானார். கரிஞ்சா இறந்ததும் ஒரு சனவரி 20 ஆம் நாளிலேயே.

இறுதி ஆண்டுகள்

1973 திசம்பர் 19 அன்று மரக்கானா அரங்கில் கரிஞ்சாவுக்காக நன்றி ஆட்டம் ஒன்று நடத்தப்பட்டது. பெலே உள்ளிட்ட பிரேசில் அணி, வெளிநாட்டு வீரர்கள் அணியை எதிர்த்து ஆடியது. 1,30,000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். நாற்பது வயதான கரிஞ்சா முதற்பாதியில் சற்று நேரம் ஆடி, அரங்கைச் சுற்றி வந்து விடைபெற்றார். கிடைத்த பணம் நெடுநாள் நிற்கவில்லை.

1980ஆம் ஆண்டு ரியோ திருவிழாவில் மங்கேய்ரா சாம்பாப் பள்ளி அவரைச் சிறப்பித்து ஊர்வலம் நடத்தியது. அலங்கார ஊர்தியின்மேல், நோயும் மருந்துகளும் சேர்ந்து முடக்கிய நிலையில், கூட்டத்தை அடையாளம் காணாதவர் போல அமர்ந்திருந்த அவரைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. பலமுறை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட கரிஞ்சா, 1983 சனவரி 20 அன்று ரியோவில் குடிநோயின் விளைவுகளால் இறந்தார். வயது 49. உடல் மரக்கானா அரங்கில் வைக்கப்பட்டு, தீயணைப்பு ஊர்தியில் பாவ் கிராண்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வழிநெடுகிலும் மக்கள் திரண்டு நின்றனர்.

நினைவு

1998இல் வெளியிடப்பட்ட இருபதாம் நூற்றாண்டின் உலக அணியில் கரிஞ்சாவும் நில்ட்டன் சான்டோசும் இடம்பெற்றனர். பிரேசிலியா நகரின் பெரிய அரங்கு மனே கரிஞ்சாவின் பெயரைத் தாங்கியுள்ளது. 2014 உலகக்கோப்பைக்காக அது இடித்துக் கட்டப்பட்டபோது ஏற்பட்ட பெருஞ்செலவு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. கவிஞர் வினிசியஸ் டி மொராயிஸ் அவரைப் பற்றி எழுதிய பாடலின் தலைப்பிலிருந்தே 'வளைந்த கால்களையுடைய வானவர்' என்னும் தொடர் பரவியது.

ருய் காஸ்திரோ எழுதி 1995இல் வெளிவந்த 'தனித்த விண்மீன்' என்னும் வாழ்க்கை வரலாறு, மேலே கூறப்பட்ட பல கதைகளைச் சோதித்துப் பிரித்துக் காட்டிய நூல். தலைப்பு பொட்டாஃபோகோவின் சின்னமான ஒற்றை விண்மீனைக் குறிப்பது. கரிஞ்சாவின் பெண் மக்கள் தொடுத்த வழக்கினால் அந்நூலின் விற்பனை சிலகாலம் நிறுத்தப்பட்டிருந்தது.

மாஜே நகராட்சியிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் கரிஞ்சா அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் கல்லறையில் மாற்றங்கள் செய்யப்பட்டபோது எலும்புகள் இடம் மாற்றப்பட்டன என்றும், அவை எங்குள்ளன என்பதை உறுதிப்படுத்தும் ஆவணம் இல்லை என்றும் 2017இல் செய்திகள் வெளியாயின. அவருடைய கழக ஆட்டங்களில் மிகப்பெரும்பாலானவை படமாக்கப்படவே இல்லை. எஞ்சியவற்றுள் முதன்மையானது இயக்குநர் ஜோவாக்கிம் பெதுரோ டி அந்திராடி எடுத்த 'கரிஞ்சா, மக்களின் மகிழ்ச்சி' என்னும் கறுப்பு-வெள்ளை ஆவணப்படம். மரக்கானாவின் ஆட்டங்களோடு பாவ் கிராண்டியின் ஆலைத் தெருக்களையும் அதில் காணலாம்.